ஈ. மா., பாட்டு 217

சங்கீதக் குழு எனக்குச் சொன்னது
ஆளுக்கு மூன்று வரி.
பிறப்பு, ஊழியம், இறப்பு.
துரைமார்களுக்கு மட்டும் ஐந்து, படத்தோடு.

217-ன் அடியில் இரண்டே எழுத்து: ஈ. மா.
அது ஈசாக்கு மாசிலாமணி என்று தெரியவே
ஒரு மழைக்காலம் போயிற்று.
ராயபுரத்துச் சபைப் பதிவேட்டில்
கரையான் தின்றது போக
மிச்சம் இருந்த தொழில்:
துறைமுகம், டாலி கிளார்க்.

கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை
எண்ணுகிற வேலை.
நாலு கோட்டை நிற்கவைத்து
ஐந்தாவதைக் குறுக்கே படுக்கவைக்க வேண்டும்.
அசையையும் அப்படியேதான் எண்ணியிருக்கிறார்.
எட்டு, ஏழு. எட்டு, ஏழு.
ஆலயத்துத் தகரப் பெட்டியில் கிடந்த சரக்குச் சீட்டில்
பர்மா அரிசி, இருநூற்றுப் பதினாறு மூட்டை,
நனைந்தது ஒன்பது.
அதன் முதுகில்
'கிருபை'யை அடித்துத் 'தயை' போட்டு
ஒரு கோடு மிச்சம் பிடித்த கணக்கு.

மெட்டும் கப்பலில் வந்ததுதான்.
சுங்கம் கிடையாது.
தமிழில் இறக்கும்போது சேதாரம் உண்டு.

நீ பட, நான் பிழைத்தேன்
என்று எழுதினார். சரியாக ஏழு.
ஆனால் மெட்டு
இரண்டாம் அசையில் மூன்று தட்டு நிற்கும்.
குறில் எவ்வளவு நேரம்தான் மூச்சுப் பிடிக்கும்?
லெந்து முதல் ஞாயிறு
சபை எழுந்து நின்று பாடியது:
நீ பாட, நான் பிழைத்தேன்.

வேப்பேரியிலிருந்து சிவப்பு மையில் கடிதம்.
'சிலுவையில் ஆண்டவர் பட்டாரா, பாடினாரா?
விளக்கவும்.'
'முந்தின இரவு பாடினார், மறுநாள் பட்டார், ஐயா.
என் கணக்கில் இரண்டும் ஒரே சரக்கு.'
பதிலுக்கு வந்தது விளக்கமில்லை, திருத்தம்:
நீ மாள, நான் பிழைத்தேன்.
நெடில், இலக்கணம், உபதேசம்
எல்லாம் பொருந்தியது.
அச்சாயிற்று.

அவர் வேறு பாட்டு எழுதியதாகத் தெரியவில்லை.
கோபமா, வேலைப் பளுவா,
வீட்டில் ஏதாவது சாவா,
பெட்டியில் அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.
காசிமேட்டுக் கல்லறையிலும் தேடினேன்.
அந்த வரிசையில் பாதிக் கற்களுக்குப் பெயரில்லை.

இருந்தது அச்சுப் பிரதி ஒன்று.
217-ன் ஓரத்தில் பென்சில் கோடுகள்,
ஐந்தைந்தாக, நெருக்கி.
முதலில் அசை என்றுதான் நினைத்தேன்.
ஏழு அசைக்கு எதற்கு இத்தனை கோடு?
கீழே, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தேன்:
'குருத்தோலை ஞாயிறு. மா 11. பா 43.'
அடுத்த வருஷம்: 'மா 19. பா 40.'
அதற்கடுத்தது: 'மா 26. பா 38. மழை.'

பின்பெஞ்சில் உட்கார்ந்து
மூட்டை எண்ணும் காதால்
மனுஷக் குரலை எண்ணியிருக்கிறார்.
புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மாள.
தெரியாதவர்கள் பாட.

மீன் விற்கும் சலோமியக்கா
தூணோரத்தில் இன்றும் 'பாட'தான்.
தப்பு என்று யாரோ திருத்தியபோது சொன்னாள்:
'கடல்ல பாடு இருந்தாத்தான எங்களுக்குப் பொழப்பு?
பாட்டுல அதத்தான சொல்லுது?'
வேப்பேரிக்கும் ஈசாக்குக்கும்
எட்டாத மூன்றாவது அர்த்தம்.
கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வரி அனுப்பிவிட்டேன்.
'ராயபுரம். துறைமுகத்தில் எழுத்தர்.
இறந்த ஆண்டு தெரியவில்லை.'
மீதி இடத்தில்
துரையின் படம் கொஞ்சம் பெரிதாக வரும்.

போன ஞாயிறு 217.
இப்போது திரையில் வரி ஓடுகிறது,
பின்னால் ஒரு சூரிய உதயம்.
எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும்.
நான் ஆல்டோ வரிசையில்
சபைக் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலோடு.
மா, எண்ணி முடியாது.
பா:
தூணோரம் ஒன்று,
அவள் பேத்தி, பாட்டியைப் பார்த்தே பாடுகிறவள்,
ஆர்மோனியத்துக்குப் பின்னால் மின்சாரப் பெட்டிக்காரர்,
வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற பையன்.
நாலு கோடு நின்றது.

மூன்று தட்டு வந்தது.
வாயைத் திறந்தேன்.
ஐந்தாவதைக் குறுக்கே போட்டேன்.